தூக்கில் போகாத பொங்கியண்ணன்

மதுக்கரை
8.6.2025

அன்புள்ள புவனாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நானும் உன் பெரியம்மாவும் சௌக்கியம். அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. போர்ட் பிளேர் கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வங்கியில் வேலை அதிகமா? வாட்ஸாப்பை விட்டுவிட்டுத் தபாலில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. அதில் நீ படித்ததும் இரண்டு நீலக் குறி விழுகிறது. பிறகு பதில் வரும்வரை, ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்றே உட்கார்ந்திருப்பேன். தபாலில் அந்தப் பயம் இல்லை.

விஷயம் பெரிது. குழப்பாமல் இருக்க, சொல்லப் போவதை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. என் அப்பாருக்கு அப்பா பொங்கியண்ணன் தூக்கில் சாகவில்லை.
2. அவரைக் கப்பலேற்றி அந்தமானுக்கு, அதாவது இப்போது நீ இருக்கும் ஊருக்கே அனுப்பினார்கள்.
3. இது நம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு என்னிடம் ஒரு ஊகம் உண்டு.
4. அவர் வம்சம் அங்கே இருந்தால் ஆண் வழியை மட்டும் தேடினால் போதும். பெண் வழி வேறு குலம், வேறு கூட்டம் என்று போய்விடும், அதை விட்டுவிடலாம்.
5. உன் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

இனி விவரம். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பங்காளி ஒருவனோடு நடந்த சண்டையில் பொங்கியண்ணன் கடப்பாரையால் அடித்துவிட்டார், அவன் செத்துவிட்டான், கோயம்புத்தூர் கோர்ட்டில் இவருக்குத் தூக்கு என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1908இல் நடந்தது. ஆடி அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்துத்தான் இலை போடுகிறோம். போன மாதம் சென்னை ஆவணக் காப்பகத்திலிருந்து ஐகோர்ட் தீர்ப்பின் நகல் வந்தது. திட்டமிட்ட கொலை இல்லை, கைகலப்பில் நேர்ந்தது என்று சொல்லி, தூக்கை மாற்றி ஆயுள் முழுக்கத் தீவாந்தரம் என்று எழுதியிருக்கிறார்கள். சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் காலமெல்லாம் சுண்ணாம்புக்கல் சோதித்தவன் நான். எதையும் மூன்று முறை பார்க்காமல் நம்பமாட்டேன். மூன்று முறையும் அப்படித்தான் இருந்தது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், பெரியம்மா கொடுத்த காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

ஊகம் இது. என் அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, அடிக்கடி சொல்வார்: "எங்கய்யனுக்குப் பொணம் பாக்காமயே கருமாதி செஞ்சு போட்டாங்க." அந்தக் கருமாதி மார்கழியில் நடந்தது. தையில் பொங்கியண்ணனின் தங்கைக்குக் கல்யாணம். வீட்டில் தீட்டு நிற்கக்கூடாது என்று, ஐகோர்ட் முடிவுக்குக் காத்திருக்காமல் அவசரமாகக் காரியத்தை முடித்திருக்கிறார்கள். ஐகோர்ட் தீர்ப்போ மாசியில்தான் வந்தது. அதற்குள் அவர் மனைவி ராசாத்தாளுக்குத் தாலியை இறக்கி வெள்ளைச்சீலை கட்டியாகிவிட்டது. இறக்கின தாலியைத் திரும்பக் கட்ட வழியில்லை. ஊர் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். இது தவறாகவும் இருக்கலாம்.

உனக்கு நேரம் இருந்தால், தொந்தரவு இல்லையென்றால், அங்கே கொஞ்சம் விசாரிப்பாயா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா சுப்பண்ணன்

*

போர்ட் பிளேர்
24.6.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

புவனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணிதான் காய்வதில்லை. பெரியம்மா முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறார்களா? சூலூரில் அப்புச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா போனில் சொன்னார். அம்மா இப்போது அவங்க அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விடுவதே வேலையாக இருக்கிறாராம்.

பெரியப்பா, உங்கள் கடிதத்தை வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். முதல் இரண்டு குறிப்பைப் படித்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். தினமும் கைதிகளை அடைத்த அந்தப் பழைய சிறைச்சாலை வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன். நம் வீட்டு ஆள் ஒருவர் இந்த மண்ணில் நடந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, இன்று அந்த வளைவில் பஸ் திரும்பும்போது எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் "இறங்கணுமா?" என்று கேட்டார்.

இங்கே கைதிகளின் வம்சத்தில் வந்தவர்களை 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். தண்டனைக் காலம் கழிந்த கைதிகள் நிலம் வாங்கி, குடும்பம் அமைத்து இங்கேயே தங்கினார்களாம். கன்னடமும் வங்காளமும் மலையாளமும் கலந்து கட்டி, இப்போது எல்லோரும் இந்திதான் பேசுகிறார்கள். என்ன சாதி என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நாம் மறைக்கிற தாத்தாவை இவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் யஷ்வந்த், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார், லோக்கல் பார்ன் குடும்பம். அவருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். அவரிடம் கேட்கிறேன்.

அடையாளம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பொங்கியண்ணன் என்ற பெயரை இங்கே யாராலும் சொல்ல முடியாது; நான் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பெரியம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு மகள்,
புவனா

*

மதுக்கரை
6.7.2025

அன்புள்ள புவனாவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், உன் பெரியம்மா நஞ்சம்மாள் ஒரு முறை படித்தாள். அவள் கேட்ட கேள்வி: "ஏனுங்க, படகுப் பட்டறைக்காரப் பையன பேங்க்கார புள்ளைக்கு எப்படிங்க தெரியும்?" கடன் வாங்க வந்திருப்பான் என்றேன். அவள் உன் கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள்.

அடையாளம் இருக்கிறது. பொங்கியண்ணனுக்கு இடது கையில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் கிடையாது. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது வடத்தில் சிக்கிப் போனது. இதை என் அப்பாருவும் சொல்லியிருக்கிறார், ஐகோர்ட் தீர்ப்பிலும் ஒரு வரி இருக்கிறது. இரண்டு தனித்தனிச் சாட்சி. எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. உனக்கும் போதுமா?

நம் வம்ச வரைபடத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே பொங்கியண்ணன், கடைசி வரிசையில் நானும் உன் அப்பா சரவணனும். அளவுகோல் வைத்துப் போட்டது. கோடு கோணியிருந்தால் என் கண் காரணம்.

இன்னொன்று. உன் அப்பா திருப்பூரில் ஒரு வரன் பார்த்திருக்கிறான். பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்களாம். ஆவணியில் பேசலாம் என்கிறான். உன்னிடம் சொன்னானா? நான் இதில் கருத்துச் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் என்றும் இருந்ததில்லை.

மழையில் நனையாதே.

அன்புடன்,
பெரியப்பா

*

போர்ட் பிளேர்
19.7.2025

அன்புள்ள பெரியப்பா,

நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள்.

ஒரு குடும்பம் கிடைத்திருக்கிறது. அவர்கள் 'மதராசி பாபா' என்று ஒருவரைச் சொல்கிறார்கள். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதை அந்தப் பக்கம் முதலில் செய்து காட்டியவர் அவர்தானாம். இரவல் வாங்கிய மாட்டை வைத்து ஊரே வேடிக்கை பார்க்க இறைத்தாராம். கிணறு இன்னும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். இங்கே பிறந்தவர்களுக்கும் கூட்டம் உண்டா, பெரியப்பா?

புவனா

*

மதுக்கரை
1.8.2025

என் அன்புள்ள புவனாவுக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதம் வந்த அன்று வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன். "உக்காருங்க, ஃபேன் காத்து வீணாப் போகுது" என்றாள் உன் பெரியம்மா. உட்கார முடியவில்லை. கிணறு! நம் ஊர்க் கமலை கடல் தாண்டிப் போயிருக்கிறது. அது கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என்னை ஒருமுறை கிள்ளிக்கொண்டும் பார்த்தேன்.

ஆடி அமாவாசைக்கு எல்லோருக்கும் இலை போட்டேன். பொங்கியண்ணனுக்கு இலை போடும்போது மட்டும், செத்தது என்றைக்கு என்று தெரியாமல் போடுகிறோமே என்று கை தயங்கியது. பிறகு போட்டுவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. கூட்டம் கட்டாயம் உண்டு. கூட்டம் அப்பா வழியில் வருவது. கடல் தாண்டினாலும் மாறாது. அந்தக் குடும்பம் பொங்கியண்ணனின் வம்சம் என்றால் நமக்குப் பங்காளி. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள்தான்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு கூட்டத்தில்தான் என்பது உனக்கே தெரியும். அந்த வீட்டில் உன் வயதுப் பையன் இருந்தால் உனக்கு அண்ணன் முறை. கூடப் பிறந்தவர்கள் இல்லை என்று சின்ன வயதில் எத்தனை முறை அழுதிருக்கிறாய்! கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறான் பார்.

அந்த அண்ணனுக்காக ஒரு சட்டைத்துணி அனுப்பியிருக்கிறேன். வெள்ளை. அளவு தெரியாததால் கொஞ்சம் கூடவே எடுத்தேன். அவன் பெயர் என்ன, படிப்பு என்ன, எல்லாம் எழுது.

சந்தோஷத்துடன்,
பெரியப்பா

*

மதுக்கரை
28.8.2025

அன்புள்ள புவனாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தபோது "வேலை இருக்குங்க பெரியப்பா" என்று வைத்துவிட்டாய். சட்டைத்துணி வந்து சேர்ந்ததா? அஞ்சலகத்தில் போய்க் கேட்டேன். சேர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது.

நான் என்ன தவறாக எழுதினேன் என்று என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. உன் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவள் என்னுடையதைப் படிக்கவில்லை, உன்னுடையதைப் படித்தாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க, கூட்டம் உண்டான்னு அந்தப் புள்ள எதுக்குக் கேட்டுச்சு?"

"ஒரு தகவலுக்குத்தான்."

"செத்துப்போனவரோட கூட்டத்தத் தெரிஞ்சு வெச்சு அது என்ன பண்ணப் போகுது? உசுரோட இருக்கறவனோடதத்தானுங்க கேட்டிருக்குது."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அந்தச் சட்டைத்துணி ஞாபகம் வந்தது. கண்ணு, நான் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கேட்டது தப்பென்றால் இந்தக் கடிதம் வராத மாதிரியே இருந்துவிடு. திருப்பூர்க்காரர்கள் ஆவணி போய் ஐப்பசி என்று தள்ளியிருக்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியப்பா

*

போர்ட் பிளேர்
10.9.2025

அன்புள்ள பெரியப்பா,

உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? எனக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது பரவாயில்லை.

பெரியம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்தக் குடும்பம் யஷ்வந்தின் குடும்பம். எனக்கும் யஷ்வந்துக்கும் இரண்டு வருடப் பழக்கம். கடன் வாங்க வந்தவன்தான். அது ஒன்று மட்டும் நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். தீபாவளிக்கு ஊருக்கு வந்து அப்பாவிடம் சொல்வதாக இருந்தேன். என்ன சாதி என்று கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இது வரும் என்று நினைக்கவில்லை.

உங்கள் அடையாளத்தை யஷ்வந்திடம் சொன்னபோது அவன் துள்ளிக் குதித்தான். "எங்க மதராசி பாபாவேதான்" என்றான். அவனுக்கு இது வேடிக்கையான கதை. எனக்கு மட்டும் நீங்கள் போட்ட வரைபடம் ஞாபகம் வந்தது.

கூட்டத்தையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய ரத்தம் என்ன செய்துவிடும் என்று வாதாடத் தெரியும். ஆனால் நீங்கள் 'அண்ணன்' என்று எழுதிய பிறகு, அவன் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும்போது அந்தச் சொல் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துணியை இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் போட்ட வரைபடத்தில் அப்பா பெயருக்குக் கீழே காலியாக இருந்தது, பெரியப்பா. அதில் எனக்கு இடம் கொடுக்காத நீங்கள், என்னை அவனுக்குத் தங்கையாக மட்டும் ஆக்கிவிட்டீர்கள்.

பாபாவுக்கு இங்கே பிறந்தது மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. யஷ்வந்தின் அப்பா அவன் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டார். அவருடைய அப்பா ரத்தன் லால் இருக்கிறார். வடக்கே டிக்லிபூரில் சின்ன மகன் வீட்டில். சிறுவயதில் அவர் பாபாவைப் பார்த்திருக்கிறாராம். அவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை. மகன் வழி என்று சொல்லிவிட்டால் எங்கள் கதை அங்கேயே முடிந்துவிடும் அல்லவா?

அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?

புவனா

*

மதுக்கரை
24.9.2025

அன்புள்ள கண்ணுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? கஞ்சி குடி.

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை உன் பெரியம்மா பிடுங்கி வைத்துக்கொண்டு, "இதையே அனுப்புங்க" என்றாள். எனவே அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்.

நான் ரத்தன் லாலின் பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. முடிவு தெரிவதற்கு முன்பே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு அது என் முடிவாக இருக்காது. மகளாக இருந்தாலும் மகனாக இருந்தாலும் நான் உன் பக்கம். உயிரோடு இருந்த மனிதருக்கு, பந்தலுக்குத் தீட்டு வந்துவிடும் என்று கருமாதி செய்த குடும்பம் இது. தப்பு என்று தெரிந்த பிறகும் ஊர் வாய்க்குப் பயந்து அவரைச் செத்தவராகவே வைத்திருந்தார்கள். நானும் பயந்தவன்தான். ஆனால் அதே காரியத்தை உனக்குச் செய்ய என்னால் முடியாது.

நேற்று சூலூர் போனேன். உக்கடத்தில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. உன் அப்பா தறிக் கொட்டகையில் இருந்தான். அந்தச் சத்தத்தில் காதோடு காதாகச் சொல்லவும் முடியாது. கத்தினேன்:

"சரவணா, புவனாவுக்கு அங்க ஒரு பையனப் புடிச்சிருக்குதாமா!"

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கடைசி வார்த்தை கொட்டகை முழுக்கக் கேட்டது. தறிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நூல் மூட்டைக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

உன் அப்பா என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனான். "என்னுங்ணா இது? பையன் என்ன கூட்டம்?"

"அதுதான் சிக்கல். நம்ம கூட்டமா இருக்கலாம்."

"அந்தமான்ல நம்ம கூட்டமா?"

பொங்கியண்ணன் கதை முழுவதும் சொன்னேன். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து மண்ணில் குத்திக்கொண்டே கேட்டான். பிறகு சொன்னான்: "ஏனுங்ணா, பங்காளின்னும் சொல்றீங்க, புள்ளயக் கட்டிக் குடுன்னும் சொல்றீங்க. வெயில்ல தொப்பி போடாம வந்துட்டீங்களா?"

"போட்டுட்டுத்தான் வந்தேன்."

"நாளைக்குக் கோயில்ல பொங்கல் வெக்கறப்ப பங்காளிங்க மூஞ்சில எப்படிங்ணா முழிக்கறது?"

"நம்ம ஆளுங்க அன்னைக்கும் இதேதான் கேட்டாங்க சரவணா. கேட்டுப்போட்டு ஒரு மனுசன உசுரோட பொணமாக்கிட்டாங்க."

நான் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் முறை. அவனுக்கும் ஆச்சரியம். உன் அம்மா கீதா மோர் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். "மகனா மகளான்னு மொதல்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க மாமா. அதுக்குள்ள எதுக்கு ரெண்டு பேரும் மரத்தடியில நின்னு கத்தறீங்க?" என்றாள்.

உன் அப்பா சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தான். ஏறும்போது, "பையன் நல்லவனுங்களாண்ணா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

போய்க் கேள், கண்ணு. என்ன பதில் வந்தாலும் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கட்டும்.

உன் பெரியப்பா,
சுப்பண்ணன்

*

டிக்லிபூர்
12.10.2025

அன்புள்ள பெரியப்பா, பெரியம்மா,

நான் நலம், மிக மிக நலம். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். பெரியம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

நேற்று யஷ்வந்தும் நானும் இங்கே வந்தோம். விடியும் முன் கிளம்பும் பஸ்; காட்டுக்குள் ஓடி, நடுவில் பஸ்ஸையே மிதவையில் ஏற்றித் தண்ணீரைக் கடந்து, பகல் முழுக்கப் போகிறது. வழியில்தான் யஷ்வந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "தாத்தா என்ன சொன்னாலும் நாம் இதே பஸ்ஸில் சேர்ந்துதான் திரும்புவோம்" என்றான். உங்கள் கடிதத்தை அவனுக்கு இந்தியில் படித்துச் சொன்னேன். கரண்ட் போன இடத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

ரத்தன் லால் தாத்தா பாக்குத் தோப்பில் இருந்தார். ஜப்பான்காரர்கள் இந்தத் தீவைப் பிடித்திருந்த காலத்தில் பிறந்தவர். காது நன்றாகக் கேட்கிறது. கேள்வியை இந்தியில் வழி நெடுக அடுக்கி வைத்திருந்தேன். வணக்கம் சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து வருகிறேன் என்று தொடங்கியதுமே, கையிலிருந்த பாக்குகளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தமிழில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"அப்புச்சி."

பெரியப்பா, அந்தப் பாக்குகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யஷ்வந்த் "என்ன, என்ன?" என்கிறான். நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன். மகன் வயிற்றுப் பேரன் அப்பாரு என்றல்லவா கூப்பிடுவான்?

இருந்தாலும் உங்கள் பெண் அல்லவா? ஒரு சோதனை போதாது என்று கேட்டேன். தாத்தா சொன்னார்: "என் அம்மாவின் அப்பா. மற்ற பிள்ளைகள் போல நானும் இந்தியில் 'நானா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அப்புச்சி என்றால்தான் மிட்டாய் வரும். எனக்குப் பன்னிரண்டு வயதில் போனார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஒரு ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அவர் அம்மாவின் பெயரைக் கேட்டேன். ராசாத்தாள். ஊரில் வெள்ளைச்சீலை கட்டி உட்காரவைத்த அந்த ராசாத்தாளின் பெயரை மகளுக்கு வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வாயில் நுழையவில்லையாம். ராஜ் என்று கூப்பிட்டார்களாம். வீட்டில் மட்டும் அவர் சுருக்க விடமாட்டாராம்.

உங்கள் ஊகமும் சரிதான் என்று நினைக்கிறேன். விடுதலையான பிறகு ஏன் ஊருக்குப் போகவில்லை என்று கேட்டால், "நான் அங்கே செத்தவன். செத்தவனைப் பார்த்தால் ஊரே பயந்து ஓடும்" என்று சொல்லிச் சிரிப்பாராம். அவருக்குத் தெரிந்திருக்கிறது, பெரியப்பா.

தாத்தாவிடம் கேள்வி கேட்டபோது உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. அது இல்லாமல் இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கமாட்டேன்.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். கரண்ட் இருக்கும்போது.

உங்கள் மகள்,
புவனா

*

மதுக்கரை
27.10.2025

அன்புள்ள புவனாவுக்கும், மாப்பிள்ளை யஷ்வந்துக்கும்,

பெரியப்பா ஆசிகளுடன் எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்ததும் உன் பெரியம்மா முழங்காலை மறந்து எழுந்து போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து என் வாயில் ஒரு பிடி போட்டாள். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது இருவருக்குமே நினைவில்லை.

முறையைப் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை போட்டேன். அந்த ராசாத்தாள் என் அப்பாருக்குத் தங்கை. தாய் வேறு, அப்பா ஒருவரே. அப்படியானால் ரத்தன் லால் என் அப்பாவுக்கு அத்தை மகன். எனக்கும் உன் அப்பாவுக்கும் மாமா. அவர் மகன், அதாவது யஷ்வந்தின் காலஞ்சென்ற அப்பா, எங்களுக்கு மச்சான். மச்சான் மகன் உனக்கு முறை மாப்பிள்ளை. எந்த வழியில் போட்டாலும் இதே விடைதான் வருகிறது. இந்த வயதில் எனக்கு ஒரு மாமா கிடைத்திருக்கிறார். என்னைவிடச் சில வருடம்தான் பெரியவர்.

சூலூருக்குப் பஸ்ஸில் போகப் பொறுமை இல்லை. கால் டாக்ஸி பிடித்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து சொன்னேன். வரைபடத்தை மரத்தடி மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினேன். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பெரியவரு எனக்கு மாமனாச்சுங்களேண்ணா."

"ஆமா."

"நம்ம ஊட்டுப் பொண்ணு வயித்துப் பேரன் ஒருத்தரு இத்தன வருசமா அங்க இருந்திருக்காரு. நாம ஒரு சீர் செஞ்சமா, ஒரு செய்மொறை செஞ்சமா?" என்று கோபமாக என்னைப் பார்த்தான், நான்தான் செய்யாமல் விட்டதைப் போல. பிறகு உள்ளே போய், "கீதா, திருப்பூர்க்காரங்களுக்குப் போன் போடு, எங்க மாமன் ஊட்டுல பேசிப்போட்டோம்னு சொல்லிரு" என்றான்.

"ஒரு மாசமா அந்தப் புள்ள கண்ணுல தண்ணி. இப்பத்தான் உங்களுக்கு மாமன் ஊடு தெரிஞ்சுதாக்கும்," என்றாள் உன் அம்மா. ஆனாலும் போனை எடுத்துவிட்டாள்.

கண்ணு, நீ கேட்காமல் விட்ட ஒன்றை நான் அறிவேன். மகன் வழியாக இருந்திருந்தால் உன் அப்பா இப்படி ஓடிவந்திருப்பானா என்பது. வந்திருக்கமாட்டான், கொஞ்ச காலம் ஆகியிருக்கும். நான் பக்கத்தில் இருந்து தினமும் கத்தியிருப்பேன். கரண்ட் இருந்தாலும் போனாலும்.

தை பிறந்ததும் நாங்கள் நாலு பேரும் விமானத்தில் வருகிறோம். முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு வேட்டி எடுத்தாகிவிட்டது. அந்த வெள்ளைச் சட்டைத்துணியை யஷ்வந்திடம் கொடுத்துத் தைக்கச் சொல். அனுப்பிய முறை தப்பு. ஆனால் துணி நல்ல துணி.

வரைபடத்தை நேற்று மறுபடியும் எடுத்து மேஜையில் விரித்தேன். மேலிருந்து கீழே எத்தனை பெயர்கள். ஒரு பெண் பெயர்கூட இல்லை. வெள்ளைச்சீலையில் கிடந்த ராசாத்தாள் இல்லை. எனக்குக் காபி கொடுத்தவள் இல்லை. உன் அப்பா பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் உன் பெயரை மையால் எழுதினேன். இரண்டு ராசாத்தாள்களையும் எழுதினேன். கடைசியில் பழைய தாளில் இடம் போதாமல், பெரிய தாள் வாங்கிவந்து முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனவே ஒரு திருத்தம். முதல் கடிதத்தில் நான்காவதாக, ஆண் வழியை மட்டும் தேடினால் போதும், பெண் வழியை விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தேன். முதல் மூன்று குறிப்புகளும் நிற்கின்றன. அது தவறு.

பெரியப்பா,
சுப்பண்ணன்